சிப்பிக்குடாவும் என் ஈயக்குண்டும்

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் பழைய லேபிலிருந்து வந்தனா என்ற பெண் எங்கள் தீவில், கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். தெலுங்குக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஹிந்தியும் தமிழும் கலந்துதான் பேசுவாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வேலையில் சேர்ந்தாள். வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"அங்கிள், சிப்பிக்குடாவுல ஒரு வயசான அம்மா எங்களைத் தண்ணியில எறங்கவே விடல. மெஷினைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. கீழே என்ன வெயிட் கட்டிருக்கீங்கன்னு கேட்டாங்க. காட்டினாதான் ஆச்சுன்னு நின்னுட்டாங்க. க்யா பாத் ஹை, என்ன விஷயம் இது?"

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கதையைச் சொன்னதும், இதை அப்படியே எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறோம் என்று பிடிவாதம் பிடித்தாள். என் தவறைப் பற்றி இன்னொருவர் எழுதி நான் வாசிப்பதைவிட நானே எழுதுவது நல்லது என்று ஒப்புக்கொண்டேன்.

கடல்நீரில், சேற்றில், மீனில், சிப்பியில் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் லேபின் வேலை. செம்பு, ஈயம், துத்தநாகம், பாதரசம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன். அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து தூண்டிலும் கையுமாக இந்தத் தீவுக்கு வந்தவர். துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் சரக்குக் கப்பல்களைப் பார்த்தபடி வளர்ந்த நான், பள்ளியில் கெமிஸ்ட்ரி பாஸ் செய்த ஒரே தகுதியோடு உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்கப் பாட்டில்தான் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் பாட்டில் கழுவுவதை லேசாக நினைக்க வேண்டாம். நல்ல கடலில் உலோகம் இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. நம் கையில், உடையில், படகில் இருப்பது அதைவிடப் பல மடங்கு. அதனால் கடலை அளக்கப் போகிறவன் முதலில் தன்னைக் கடலுக்குள் சிந்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில்களை அமிலத்தில் ஊறப்போட்டு, சுத்த நீரில் மூன்று முறை அலசி, இரண்டு பைகளுக்குள் ஒன்றன் உள்ளே ஒன்றாகக் கட்டுவோம். டிங்கி என்கிற சின்னப் படகில் இரண்டு பேர். ஒருவர் வெளிப்பையை மட்டும் தொடுவார். அவர் அழுக்குக் கை. மற்றவர் உள்பையையும் பாட்டிலையும் மட்டும் தொடுவார். அவர் சுத்தக் கை. சுத்தக் கைக்காரர் மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. என்ஜினை நிறுத்தி, நீரோட்டத்தை எதிர்த்து நின்று, படகின் முன்பக்கத்திலிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் எடுத்தால் கடலை அளக்கிறோமா நம் படகை அளக்கிறோமா என்று தெரியாது. கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் போவேன். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரி அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பாட்டிலும் கூடவே வரும். லேபிலேயே சுத்த நீர் நிரப்பி எடுத்துப்போய், படகில் ஒரு முறை திறந்து மூடி, அப்படியே திருப்பிக் கொண்டுவருவோம். அதற்கு நான் வைத்த பெயர் சும்மா பாட்டில். ஒரு வேலையும் செய்யாமல் சவாரி செய்துவிட்டு வரும். அதில் உலோகம் தெரிந்தால் தப்பு எங்கள் மேல். தெரியாவிட்டால் நாங்கள் சுத்தம். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அதிகாரி சுதபா மேடம். கொல்கத்தாவிலிருந்து வந்தவர். ஒல்லியான உருவம், எப்போதும் ஒரு கறுப்புக் குடை, கையில் பென்சில். என்னைத் தாஸ் பாபு என்று கூப்பிடுவார்; என் முழுப்பெயர் மரியதாஸ். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார்: "கைஸே பதா?" எப்படித் தெரியும்? பாட்டில் சுத்தம் மேடம் என்றால், கைஸே பதா. மழை வராது மேடம் என்றால், கைஸே பதா. ஒருமுறை, உங்களுக்கு இன்று பிறந்தநாள் என்று ஆபீஸில் சொன்னார்கள் மேடம் என்று நான் இனிப்போடு போய் நின்றபோதும் அதையேதான் கேட்டார். பிறகு இனிப்பை எடுத்துக்கொண்டார். திட்டுகிற அதிகாரியிடம் தப்பித்துவிடலாம். கேள்வி கேட்கிற அதிகாரியிடம் தப்பிக்க வழியில்லை.

இனி சிப்பிக்குடாவுக்கு வருகிறேன். அது மேப்பில் இல்லாத பெயர். எங்கள் ஆட்கள் வைத்தது. சின்னக் குடா. பாறை முழுக்க எங்கள் ஊரில் ஆளி என்று சொல்கிற சிப்பி ஒட்டிக் கிடக்கும். என் பெரியப்பா மகனுடைய மனைவி ரோசம்மா மதினியும் இன்னும் ஐந்தாறு பெண்களும் கடல் வற்றும் நேரத்தில் அதைக் கொத்தி எடுத்து, ஓட்டல்களுக்கும் குட்வில் எஸ்டேட் பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பார்கள். அண்ணன் காலமான பிறகு மதினி அந்தச் சிப்பியை வைத்துத்தான் குடும்பத்தை நடத்தினாள். குடாவின் ஒரு முனையில் படகு பழுது பார்க்கும் தனியார் யார்டு ஒன்று வந்தது. பேர் வேண்டாம்.

ஒரு நாள் காலையில் மதினி டிபன் பாக்ஸோடு லேப் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே நாலைந்து சிப்பிச் சதை. வெள்ளையாக இருக்க வேண்டியது பச்சை பாரித்திருந்தது.

"வாயில வச்சா காசை நக்கின மாதிரி கசக்கு தம்பி. அதுகூடப் பரவால்ல. யார்டு பக்கத்துப் பாறையில ரெண்டு வருசமா குஞ்சே ஒட்டல. எல்லாம் கிழடுதான் கெடக்கு."

நான் பச்சை நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட மேடம் மட்டும் இரண்டாவது வாக்கியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் எனக்கு விளக்கினார். படகின் அடியில் சிப்பியும் கொட்டலசு என்கிற ஓட்டுப் பிராணியும் ஒட்டாமல் இருக்கத்தான் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கிறார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டித் தண்ணீரில் தள்ளினால், படகில் செய்த வேலையை அது கடலிலும் செய்யும். வளர்ந்த சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சமாளிக்கும். செம்பைச் சதைக்குள் சேர்த்துச் சேர்த்துப் பச்சையாகும். குஞ்சுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் சில வாரம் நீந்தித் திரிந்துவிட்டுத்தான் பாறையில் ஒட்டும், அதற்குள் செத்துவிடும். செம்பு கரைந்து மறைகிற பொருளும் அல்ல. சேற்றில் இறங்கி உட்காரும், சேற்றைத் தின்னும் புழுவுக்குப் போகும், புழுவைத் தின்னும் நண்டுக்குப் போகும். கிழட்டுச் சிப்பி உயிரோடு இருக்கிறதே என்று பார்த்து, குடா நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்றார் மேடம். மீன் செத்து மிதந்தால்தான் கெட்டுப்போனது என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

உடனே குடா முழுக்க ஒன்பது இடங்களில் மாதிரி எடுக்கச் சொன்னார். பாட்டிலைக் கீழே இறக்கும் கயிற்றுக்கு லேபில் பிளாஸ்டிக் உறை போட்ட எடை ஒன்று இருந்தது. அது முந்தின வாரம்தான் பவளப்பாறையில் சிக்கி அறுந்துபோயிருந்தது. அன்றைக்கு நீரோட்டம் வேகம். வெறும் கயிறு மிதந்து மிதந்து பக்கவாட்டில் ஓடியது. டிங்கியில் அப்பாவின் தூண்டில் பெட்டி கிடந்தது. அதிலிருந்து ஒரு ஈயக்குண்டை எடுத்துப் பாட்டிலுக்கு ஒரு முழம் கீழே கட்டினேன். பாட்டில் நேராக இறங்கியது. எனக்கு ஒரே பெருமை.

யோசித்துச் செய்தது இல்லை. கை செய்தது. எங்கள் குடும்பத்தில் எது தண்ணீரில் இறங்க வேண்டுமென்றாலும் ஈயம்தான் கட்டுவோம். வலைக்கும் ஈயம், தூண்டிலுக்கும் ஈயம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்த அதே கைதான் குண்டைக் கட்டியது.

முடிவு வந்தது. யார்டு பக்கம் செம்பு எகிறியிருந்தது. அதோடு ஒன்பது இடத்திலும் ஈயம். சும்மா பாட்டில் மட்டும் சுத்தமாக இருந்தது. ஆகவே தப்பு எங்கள் பக்கம் இல்லை என்று அடித்துச் சொன்னேன். சும்மா பாட்டில் கடலில் இறங்கவே இல்லை, குண்டுக்குப் பக்கத்திலேயே போகவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. அறிக்கை மேலிடத்துக்குப் போனது. மறு உத்தரவு வரும்வரை குடாவில் யாரும் சிப்பி எடுக்கக் கூடாது என்று கரையில் போர்டு நட்டார்கள். யார்டுக்கு நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருந்தது. மதினியும் மற்றப் பெண்களும் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து அப்பாவின் தூண்டில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குண்டுகளை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் விரல் நுனி கறுப்பு. பிறந்ததிலிருந்து பார்த்த கறுப்புதான். அன்றைக்குத்தான் அது குண்டிலிருந்து உதிரும் ஈயம் என்று உறைத்தது. எனக்குப் பயம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். சொன்னால் யார்டு தப்பித்துவிடும் என்ற பயம் மறு பக்கம். சொல்லாவிட்டால் மதினி இன்னொருத்தர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

திங்கட்கிழமை மேடம் மேஜையில் குண்டை வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை எடுத்து உருட்டினார். தன் விரலைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"கைஸே பதா?" என்றார்.

குண்டுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? சந்தேகம்தானே, அளந்தாயா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பை ஒப்புக்கொள்வதற்கும் இந்த அம்மாவிடம் அத்தாட்சி வேண்டியிருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் வாளியில் நல்ல கடல்நீர் எடுத்து, ஒன்றில் குண்டை அதே கயிற்றோடு தொங்கவிட்டு அளந்தேன். அந்த வாளியில் ஈயம் இருந்தது. மற்றதில் இல்லை. அதற்குப் பிறகுதான் மேடம் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினார். முழு அறிக்கையையும்.

அங்கேதான் முதல்முறையாக அவரிடம் குரல் உயர்த்தினேன். செம்பில் தப்பு இல்லையே, ஈயத்தை மட்டும் எடுத்துவிட்டுச் செம்பை விட்டுவைக்கலாமே என்று மன்றாடினேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதே கயிறு, அதே நாள், அதே கை. செம்பில் மட்டும் தப்பு இல்லை என்று எப்படித் தெரியும், தாஸ் பாபு என்று கேட்டார்.

மதினியிடம் நானே போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அப்போ நாங்க மூணு மாசமா ஊரான் வீட்டுப் பாத்திரம் தேச்சது உன் குண்டுக்காகவா?"

ஆமாம் என்றேன். கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அதைவிடக் கதவைச் சாத்தியிருக்கலாம்.

மறுபடி மாதிரி எடுக்கப் போனபோது மேடம் ஒரு காரியம் செய்தார். யார்டு சூப்பர்வைசரை டிங்கியில் ஏற்றினார். மதினியையும் ஏற்றினார். இந்த முறை குடாக் கரையிலேயே ஒரு கல்லைப் பொறுக்கி, கழுவி, இரட்டைப் பையில் போட்டு ஒட்டி, அதைச் சுத்த நீரில் ஊறவைத்து, அந்த நீரையும் முன்கூட்டி அளந்திருந்தேன். கயிறு, பை, கையுறை எல்லாவற்றையும் இதே மாதிரி அளந்திருந்தேன். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று உரக்கச் சொன்னேன். சூப்பர்வைசருக்கு ஹிந்தியில், மதினிக்குத் தமிழில். ஒன்பது இடம், ஒன்பது முறை. கடைசியில் தொண்டை கட்டிவிட்டது. சிப்பிகளைச் சுத்தக் கடல்நீரில் ஒரு நாள் போட்டு வயிற்றிலிருக்கும் சேற்றைக் கக்க வைத்து, இரும்புக் கத்தி படாமல் பிளாஸ்டிக் கத்தியால் சதையை எடுத்தோம். அதை மேடமே செய்தார்.

ஈயம் காணாமல் போயிருந்தது. வெளிக்கடலில் எவ்வளவோ அவ்வளவுதான். செம்பு அசையவில்லை. யார்டு அடியில் உச்சம், தள்ளிப் போகப் போகக் குறைந்து, குடாவின் மறு முனையில் சாதாரண அளவு. சிப்பிச் சதையும் அதையே சொன்னது. ஆபீஸ் கூட்டத்தில் யார்டு சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போன தடவையும் இப்படித்தான் அடித்துச் சொன்னீர்கள், அது பொய்யாய்ப் போயிற்றே, இதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் குனியவில்லை. அவருடைய ஹிந்தி எனக்கு இன்னும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"போன தடவை தப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை. இவர் சொன்னார். அதனால்தான் இவர் இப்போது சொல்வதை நம்புகிறேன்."

என் வேலைக் காலத்தில் சம்பளம், பதவி உயர்வு, பிரிவுபசாரத்தில் போட்ட சால்வை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. யார்டு அதன் பிறகு படகுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, சுரண்டிய பெயிண்டை டிரம்மில் அள்ளி அனுப்பத் தொடங்கியது. சந்தோஷமாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். செய்தார்கள்.

யார்டு பக்கத்துப் பாறையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் சிப்பி எடுக்கலாம் என்று போர்டை மாற்றினார்கள். ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. சிப்பிக்குடா என்றாலே ஈயம் என்று ஊர் முழுக்கப் பேர் பரவியிருந்தது. அத்தனை நாள் பேசாமல் இருந்த மதினி, எங்கள் சர்ச் திருவிழாவுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தாள்.

"நீ கெடுத்த பேரு. நாளைக்குக் கோயில் வாசல்ல கடை போடுதேன். எல்லாரும் பாக்க நீதான் மொதல்ல திங்கணும்."

தின்றேன். தேர் திரும்பும் இடத்தில், ஊர்ச்சனம் பார்க்க, ஒரு தட்டு முழுக்க எலுமிச்சை பிழிந்து தின்றேன். பயம் கொஞ்சமும் இல்லை. அந்தச் சிப்பி வந்த பாறைகளின் கணக்கு முழுக்க என் தலைக்குள் இருந்தது. ஒரு சிப்பியை விழுங்கும்போது தலை தூக்கினால் எதிரே கறுப்புக் குடை. மேடம் கண்ணை இடுக்கிக்கொண்டு, சாப்பிடலாம் என்று கைஸே பதா என்றார். "அளந்தேன் மேடம்" என்றேன். அவரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். இருட்டுவதற்குள் மதினியின் கூடை காலி. அவளும் கடைசியாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்றாள். அதுதான் எங்கள் சமாதானம்.

மேடம் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகும் முன் எங்கள் மாதிரிப் படிவத்தில் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்தார்: எடை எதனால் ஆனது? இப்போது அது அச்சிலேயே வருகிறது. வந்தனா ஏனென்று தெரியாமலே பல முறை நிரப்பியிருக்கிறாள்.

யார்டு பாறையை நான் வருடா வருடம் அளந்தேன். சேறு உள்ளே வாங்கியதை அவ்வளவு சீக்கிரம் விடாது. செம்பு இறங்கியது, மெதுவாக. நான் ஓய்வு பெற்ற வருடம் மதினி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், கடல் வற்றிய நேரத்தில் பாறையின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். நகத்தளவில் நாலைந்து குஞ்சுகள் ஒட்டியிருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். சின்னதாகக் கீறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கேட்டது ஒன்றுதான், திங்கலாமா? இன்னும் இல்லை மதினி, சதையில் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பாறைக்குப் போய்விட்டாள்.

சென்ற மாதம் வந்தனா சிப்பிக்குடாவுக்குக் கொண்டுபோனது மெஷின் அல்ல. பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லிவிட்டாள். உண்மையில் அது பாட்டில் மூடி அளவுக்கு ஒரு வில்லை. ஒரு வாரம் கடலில் தொங்கவிட்டால் தண்ணீரில் இருக்கும் உலோகத்தைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நல்ல சாமான். எங்கள் காலத்தில் இல்லையே என்று பொறாமையாக இருந்தது. அதற்குக் கட்டின எடை, மணல் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் குழாய். மதினி அதைக் கையில் வாங்கி, சேலை முந்தானையில் அழுத்தித் தேய்த்து, கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்திருக்கிறாள். ஒட்டவில்லை. பிறகுதான் இறங்கு என்றாளாம்.

வில்லையும், யார்டு பாறையிலிருந்து எடுத்த சிப்பியும் இப்போது லேபில் இருக்கின்றன. முடிவு அடுத்த வாரம் வரும் என்று வந்தனா போன் செய்தாள். அங்கே சிப்பி எடுக்க அனுமதி கிடைத்தால் முதல் தட்டு எனக்குத்தான் என்று மதினி அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் தின்ற பிறகுதான் அவள் தின்பாளாம். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.